கடனுக்கு ஈடான கோட்டைகள்: 1638ஆம் ஆண்டு மட்டக்களப்பு உடன்படிக்கை குறித்து ஒரு மறுவாசிப்பு

கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தளபதி ஆதம் வெஸ்டர்வோல்டும் 1638 மே 23ஆம் திகதி மட்டக்களப்பில் செய்துகொண்ட உடன்படிக்கை பற்றிய விவாதம், நெடுங்காலமாக அதன் மூன்றாம் உறுப்புரையிலேயே தங்கி நிற்கிறது. போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படை இருக்கும் என்கிறது அந்த உறுப்புரை. மன்னர் விரும்பினால் மட்டுமே என்னும் நிபந்தனை மன்னரிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் படியில் உண்டு. ஒல்லாந்தப் படியில் இல்லை. உலகியல் அறியாத மலைநாட்டு மன்னர் ஏமாற்றப்பட்டார், அதனால் கரையோரம் பறிபோனது என்று எழுதும் மரபு இந்த விடுபாட்டின் மேல் எழுந்தது. விடுபாடு தற்செயலாக நேர்ந்தது என்று நானும் கருதவில்லை. எனினும் கண்டியின் இழப்புக்கு அதுவே காரணம் என்ற முடிவை ஏற்பது கடினம். இழப்பின் வேர், எவரும் சர்ச்சைக்கு எடுக்காத செலவு ஏற்பாட்டில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கப்பல்களுக்கும் படைக்கும் ஆகும் செலவை மன்னர் கறுவா, மிளகு, மெழுகு முதலிய சரக்குகளாகத் திருப்பித் தர வேண்டும். அதே உடன்படிக்கை மற்ற ஐரோப்பியரை விலக்கி, வாணிப உரிமையைக் கம்பனிக்கே தருகிறது. இவ்விரண்டையும் தனித்தனியே படித்தால் நட்பு நாடுகளிடையே வழக்கமான ஏற்பாடுகளாகத் தோன்றும். சேர்த்துப் படித்தால் நிலைமை வேறு. கடன் கொடுத்தவரே சரக்கை வாங்கக்கூடிய ஒரே பெரிய வணிகரும் ஆகிறார். பேரேடும் அவர் கையிலேயே இருக்கிறது. படைச் செலவைக் கூட்டியும் மன்னர் அனுப்பிய சரக்கின் மதிப்பைக் குறைத்தும் எழுதியதால், கடன் அடைக்க முடியாத அளவுக்கு வளர்ந்தது. 1640இல் நீர்கொழும்பும் காலியும் வீழ்ந்த பின் மன்னர் அவற்றைக் கேட்டபோது, செலவு முழுவதும் தீரட்டும் என்பதே கம்பனி வற்புறுத்திய பதில். நிபந்தனை இரு படிகளிலும் இருந்திருந்தாலும் இந்தப் பதில் மாறியிருக்காது.

திருகோணமலையும் மட்டக்களப்பும் மன்னரிடம் திரும்பின. கறுவா நிலங்களுக்கு வாயிலான காலியும் நீர்கொழும்பும் திரும்பவில்லை. ஒரே உறுப்புரைக்கு உட்பட்ட கோட்டைகள் இப்படி இரு வகையாக நடத்தப்பட்டதை விடுபாட்டைக் கொண்டு விளக்க இயலாது. கிழக்கில் காவல் வைக்க ஆள் போதவில்லை என்று மறுப்போர் உண்டு. அதை ஏற்றாலும், இருந்த ஆட்களை எங்கே நிறுத்துவது என்பதைக் கறுவாதானே தீர்மானித்தது? மறுப்பு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. மன்னர் சரக்கு அனுப்பத் தாமதித்தார் என்ற வாதம் கம்பனியின் கூற்றையே திரும்பச் சொல்வது. அதில் நிற்க வேண்டியதில்லை.

ஏமாந்த மன்னர் என்ற சித்திரமும் இத்துடன் தளர்கிறது. உடன்படிக்கைக்கு இரண்டு மாதங்களுக்கு முன், மார்ச் 28ஆம் திகதி, பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் போர்த்துக்கேயத் தளபதி தியோகோ டி மெலோவின் படையை அழித்தவர் இராஜசிங்கன். அந்த வெற்றிக்கு ஒல்லாந்தர் உதவி தேவைப்படவில்லை. அவரிடம் இல்லாதது கடற்படை ஒன்றுதான். அதற்காகவே 1636இல் பழவேற்காட்டு ஒல்லாந்தருக்குக் கடிதம் அனுப்பினார். மலையரணுக்குள் ஒதுங்கி வாழ விரும்பிய அரசு கடல் கடந்து கூட்டாளி தேடியிருக்காது. தம் நிபந்தனையைத் தம் படியில் எழுதுவித்த மன்னரை அப்பாவி என்பதும் பொருந்தாது. அவர் கோட்டைகளின் மேல் வைத்த கவனத்தைக் கணக்கின் மேல் வைக்கவில்லை என்று சொல்லலாம். அதுகூட அக்கால அரசர் எவருக்கும் எளிதில் புலப்பட்டிருக்கக்கூடியதன்று. அரசுகளோடு பழகியவர் அவர். எதிரே இருந்ததோ ஓர் அரசைப் போல் போரிட்டு, வணிகரைப் போல் வட்டியும் முதலும் பார்த்த ஒரு நிறுவனம்.

1656 மே மாதம் கொழும்பு வீழ்ந்தபோது, கோட்டைக்குள் மன்னருக்கு இடம் தரப்படவில்லை. அந்நிகழ்வை மூன்றாம் உறுப்புரையின் மீறலாக மட்டும் படிப்பது போதாது. அதற்கு முந்திய 18 ஆண்டுகளின் பற்று வரவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கம்பனியின் ஆவணங்கள் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் ஹேக் நகரிலும் உள்ளன. உடன்படிக்கைப் படிகளை ஒப்பிடுவதில் நம் ஆய்வாளர்கள் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கையேனும் இனி அந்தக் கணக்குகளுக்குத் தர வேண்டும்.