தேறிய பிறகும்

எங்கள் செந்துறைப் பக்கம் தேர்வு என்றாலே குழுமூர் அனிதாவின் பேச்சு வரும். பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவரை நீட் வெளியே நிறுத்தியது. 2017 செப்டம்பர் 1இல் இறந்துபோனார். நான் இங்கே எழுதுவது, அதே ஆண்டில் தேர்வில் தேறியும் தெருவுக்கு வந்த செவிலியர்களைப் பற்றி.

1926இல் மெட்ராஸ் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்ததிலிருந்து இந்தத் தொழிலுக்குப் பதிவேடு உண்டு. இறுதியாண்டில் எழுத்துத் தேர்வோடு, நோயாளியின் கட்டிலருகே நின்று செய்துகாட்டும் தேர்வும் உண்டு. அதையெல்லாம் தாண்டிப் பதிவு எண் வாங்கினாலும், அரசு வேலைக்கு இன்னொரு தேர்வு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் நடத்திய தேர்வில் தேறி ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போனார்கள். மாதம் 7,700 ரூபாய், ஒப்பந்தம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று பேச்சு. நிரந்தரமாகவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது. ‘சேவை’ என்று புகழ்ந்தே சம்பளத்தைக் குறைக்க முடிகிற வேலை வேறு எது? (வீட்டு வேலையைச் சொல்லலாம்.)

வாரியத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் என்னிடம் பழைய வினாத்தாள் கேட்டு வருகிறார்கள். கொடுக்கிறேன். கூடவே, அறிவிக்கையில் சம்பளமும் பணி நிபந்தனையும் இருக்கும் பக்கத்தை முதலில் படிக்கச் சொல்கிறேன்.