காட்டை மட்டும் காத்தால் நண்டு மிஞ்சுமா?

பேராக், கோலா செபாத்தாங் வட்டாரத்தில் ஏறக்குறைய 40,000 ஹெக்டரில் பரந்துள்ளது மாத்தாங் சதுப்புநில வனக் காப்பகம். இங்கே வெட்டத் தடையில்லை. கரிமூட்டத்துக்கான பக்காவ் மரங்கள் 30 ஆண்டுச் சுழற்சியில் பகுதி பகுதியாக வெட்டப்படுகின்றன. முளைக்காத இடத்தில் கன்று நடுகிறார்கள். வேரடிச் சேற்றில் இறாலும் மீன்குஞ்சும் நண்டும் வளர்வது அதனால்தான் தொடர்கிறது.

ஆனால் சேற்று நண்டு காட்டோடு நிற்பதில்லை. பெண் நண்டு முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகும். குஞ்சுகள் மீண்டும் சதுப்புக்கு வந்து சேரும். போகிற வழியில் அது வலையில் சிக்கினால் லட்சக்கணக்கான முட்டைகளும் போயின. சந்தையில் சினை நண்டாகப் பார்த்து வாங்குவோர் இதை நினைப்பதில்லை. கரையை ஒட்டிய கடற்பகுதி சிறு மீனவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. இழுவைப் படகுகள் அதற்குள் நுழைவதாக அவர்களின் புகார் இன்னும் ஓயவில்லை.