போர்க்காலப் பொறித்தொழிலில் பெண்டிர்

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து அப்பர் புக்கிட் தீமா சாலை வழியே நகரை நோக்கி வருவோர், வெண்ணிற முகப்புடைய பழங்கட்டடம் ஒன்றைக் காண்பர். 1941 அக்டோபரில் திறக்கப்பெற்ற போர்டு மோட்டார் தொழிற்சாலை அது. கார்களைப் பூட்டி முடிக்க எழுப்பப்பெற்ற அச்சாலையில், போர் நெருங்கவே, பிரிட்டிஷ் விமானப் படைக்குரிய விமானங்கள் பூட்டப்பெற்றன. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் தளபதி பெர்சிவல், யாமஷித்தாவிடம் சரணடைந்ததும் அங்கேதான். அம்மேசையைச் சுற்றி அமர்ந்தோர் யாவரும் ஆடவர். நம் மாணவர் நெட்டுருச் செய்வதும் அவ்வாடவர் பெயர்களையே.

ஆயின், அப்போரின் வெற்றி தோல்விகளைத் தளபதியர் மட்டுமா முடிவு செய்தனர்? விமானமும் குண்டும் யார் கையால் உருவாயின?

முதல் உலகப் போரிலேயே பிரிட்டனில் ஆடவர் போர்முனை செல்ல, பெண்டிர் ஆயுதச் சாலைகளுக்கு வந்தனர். போர் முடிந்ததும் 1919இல் இயற்றப்பெற்ற சட்டமொன்று பழைய தொழில் வழக்கங்களை மீட்டது. பெண்டிர் வீடு திரும்பினர். அதே ஆண்டில் காத்தரின் பார்சன்ஸ், அவர் மகள் ரேச்சல் முதலானோர் பெண் பொறியாளர் கழகத்தைத் தோற்றுவித்தனர். கதவு மூடப்பட்ட ஆண்டிலேயே அதைத் தட்டும் கையும் எழுந்தது எனலாம்.

இரண்டாம் போரில் அக்கதவு மீண்டும் திறந்தது. 1941 டிசம்பரில் வந்த சட்டம், 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்டிரைப் போர்ப்பணிக்குக் கட்டாயமாக அழைத்தது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் பல்லாண்டு பயின்று செய்த வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றையும் ஓர் எந்திரத்திற்கு ஒப்படைத்து, அவ்வெந்திரத்தைச் சில வாரப் பயிற்சி பெற்றவரிடம் விட்டனர். இம்முறையால் உற்பத்தி பெருகியது. ஆனால் கூறுபட்ட வேலை "பெண்கள் வேலை" எனப் பெயர் பெற்றது. பெயர் மாறவே கூலியும் குறைந்தது.

1940இல் முதலாளியரும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்படிக்கை செய்திருந்தனர். ஆடவர் வேலையைப் பெண் ஒருத்தி ஏற்றால், 32 வாரங்களுக்குப் பின், பிறர் உதவியோ கூடுதல் மேற்பார்வையோ இன்றி அதனைச் செய்வாளாயின் முழுக்கூலி பெறலாம் என்றது அது. இந்த "ஆயின்" என்னும் ஒரு சொல்லே பலர் கூலியை விழுங்கிற்று. கனத்த பொருளை எடுத்துத்தர ஒருவர் வந்தாலும் "உதவி" எனக் கணக்கிட இடமிருந்தது அன்றோ?

பொறித்தொழிலாளரின் பெருஞ்சங்கம் 1943 சனவரியில்தான் பெண்டிரை உறுப்பினராக ஏற்றது. அவ்வாண்டு இறுதிக்குள்ளேயே, கிளாஸ்கோவை அடுத்த ஹில்லிங்டனில், விமானப் பொறிகள் செய்த ரோல்ஸ் ராய்ஸ் சாலையில் பெண்டிர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆடவரும் உடன் நின்றனர். முடிவில் எழுந்த ஏற்பாடு எளியது: கூலி, எந்திரத்தையும் அதில் நடக்கும் வேலையையும் பொறுத்ததே, அதனை இயக்குபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்ததன்று.

அதே 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பெற்றது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்டிர் பலர் கேப்டன் லட்சுமியின் தலைமையில் துப்பாக்கி ஏந்தினர். அங்கே திருகாணி முடுக்கிய கைகளும் இங்கே துப்பாக்கி பிடித்த கைகளும் எதிரெதிர் அணியினவே. ஆயினும், "இது பெண்ணால் ஆகாது" என்ற கூற்றுக்கு இரண்டும் ஒரே விடையை அளித்தன.

போர் ஓய்ந்தபின் விடை மறக்கப்பட்டது. சிங்கப்பூர் அரசுப்பணியில் பெண்டிர்க்குச் சம ஊதியம் வந்தது 1962இல். பிரிட்டனில் 1968ஆம் ஆண்டு டேகன்காம் போர்டு தொழிற்சாலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்டிர் வேலைநிறுத்தம் செய்தபின்பே, 1970இல் சம ஊதியச் சட்டம் பிறந்தது.

புக்கிட் தீமாவின் போர்டு சாலை 1980இல் மூடப்பெற்று, இன்று போர்க்கால நினைவகமாக நிற்கிறது. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், சரணடைந்த அறையைக் காட்டட்டும், காட்டியபின் ஒன்று கேட்கட்டும்: "அம்மேசையருகே இடம் பெறாதவர் யார்?" வரலாற்றுப் பாடம் அவ்வினாவில் தொடங்கும்.