சீன மை ஓவியத்தில் இளமுகம் வரைவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

சீன மை ஓவியம்னு சொன்னதும் பனிமூட்டம் சூழ்ந்த மலை, மூங்கில், தாடி வைத்த ஞானி... இவைதான் நினைவுக்கு வரும். ஆனால் இன்று அதே மையில், அதே காகிதத்தில் நகரத்து இளைஞர்களும் இளம்பெண்களும் வரையப்படுகிறார்கள். இந்தக் கலையில் இளமுகம்தான் பெரிய சோதனையே! ஏன் தெரியுமா?

அழிக்க முடியாத கோடு

மை ஓவியத்துக்குப் பயன்படுவது ஷுவான் காகிதம். மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்து, சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் தயாராகிறது. இந்தத் தயாரிப்பு முறையை 2009-ல் யுனெஸ்கோ தனது மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பூச்சு எதுவும் இல்லாத ஷுவான் காகிதத்தில் தூரிகை பட்டதுமே மை ஊறிப் பரவிவிடும். அதன்பிறகு அழிக்க முடியாது.

வயதானவர் முகம் என்றால் பரவாயில்லை. நெற்றிச் சுருக்கம், கன்னக் குழி, தாடி என கோடு போட நிறைய இடம் இருக்கும். ஒரு கோடு பிசகினாலும் அது இன்னொரு சுருக்கமாகிவிடும். இளமுகத்தில் அந்த வசதி கிடையாது. கோடு கூடினால் வயதும் கூடிவிடும்!

இரண்டு வழிகள்

இதை ஓவியர்கள் இரண்டு விதமாகச் சமாளிக்கிறார்கள். ஒன்று, 'கோங்பி'. படிகாரமும் பசையும் பூசிய காகிதத்தில் மை பரவாது. அதில் மெல்லிய கோடு இழுத்து, அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றுவார்கள். மற்றொன்று, 'ஷியேயி'. சில வீச்சுகளிலேயே உருவத்தைப் பிடித்துவிடும் வேகமான முறை.

சிரித்த முகமும் சிரிக்காத முகமும்

1919-ல் பாரிஸுக்குப் படிக்கப் போன ஷூ பெய்ஹோங், ஆளைப் பார்த்து வரையும் மேற்கத்திய பயிற்சியைச் சீன ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். 1949-க்குப் பிறகு மை ஓவியத்தில் இளைஞர்கள் என்றால் பெரும்பாலும் உற்சாகமான உழைப்பாளிகள்தான். யாங் ஜிகுவாங் 1970-களின் தொடக்கத்தில் வரைந்த புகழ்பெற்ற படம் இதற்கு உதாரணம். சுரங்கத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த இளம்பெண், அதில் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறாள். அந்தச் சிரிப்பு அவளுடையது மட்டுமல்ல, நாட்டின் விளம்பரமும்கூட.

1985-ல் லி ஷியாவோஷான் என்ற மாணவர், சீன ஓவியம் முட்டுச்சந்துக்கு வந்துவிட்டது என்று எழுதினார். கலை உலகில் பெரிய விவாதமே வெடித்தது. சீன ஓவியத்துக்கு எதிர்காலம் உண்டா என்பதுதான் அதன் மையக் கேள்வி.

அதற்குப் பதில் படங்களாகவே வந்தது. ஹே ஜியாயிங் 1991-ல் கோங்பி முறையில் வரைந்த படத்தில், இலையுதிர் காலக் காட்டில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் எந்தக் கோஷத்தையும் சுமக்கவில்லை. 1961-ல் பிறந்த லியு சிங்ஹே, நகரத்து இளசுகளை ஈரம் ததும்பும் மையில் வரைகிறார். பல முகங்களில் சிரிப்பே இல்லை. பார்வையும் நம் மீது இல்லை.

எப்படிப் பார்ப்பது?

இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், மை இருக்கும் இடத்தை மட்டும் பார்க்காதீர்கள். மை தொடாத இடத்தையும் கவனியுங்கள். சில படங்களில் கன்னம், நெற்றி, கழுத்து என பல இடங்கள் வெறும் காகிதமாகவே விடப்பட்டிருக்கும். அங்கே ஓவியர் கை வைக்காமல் நிறுத்தியதால்தான் அந்த முகத்தில் இளமை தங்கியிருக்கிறது.