மோசம் என்னும் சொல்லின் வரலாறு

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் அங்குள்ள மொழியைக் கற்கத் தொடங்குங்கால், அறியாத சொற்களால் இடர்ப்படுதல் இயல்பு. ஆயினும், அவற்றினும் மிகுதியாக இடர் விளைப்பவை அறிந்த சொற்களேயாகும். ஒலியால் நம் சொல்லாகவும் பொருளால் வேறாகவும் நிற்பவை அவை. பெங்களூருவில் வாழும் தமிழர்க்கு இதற்கு நல்ல சான்றாக அமைவது ‘மோசம்’ என்னும் சொல்.

தமிழகத்திலிருந்து புதிதாக வந்த ஒருவர், சிக்பேட்டைத் துணிக்கடை ஒன்றில் வாங்கிய துணி ஒரே சலவையில் சாயம் போய்விட்டது எனக் கொள்வோம். ‘துணி மோசம்’ என்று சொல்ல விரும்பிய அவர், தமக்குத் தெரிந்த சிறிதளவு கன்னடத்தில் ‘மோஸ’ என்கிறார். கடைக்காரர் சினங்கொள்கிறார். அதில் வியப்பில்லை. கன்னடத்தில் ‘மோஸ’ என்பதன் பொருள் வஞ்சனை. துணியின் குறையைக் கூற வந்தவர், தம்மையறியாமலே விற்றவரை வஞ்சகர் என்று பழித்துவிட்டார்.

இருவருள் யார் சொல்லைத் திரித்தவர்? கன்னடத்தார் அல்லர் என்பதை இச்சொல்லின் வரலாறு காட்டும்.

பிறரை ஏமாற்றுதலைக் குறிக்க நம் பழைய நூல்களில் வேறு சொற்கள் வழங்கின. திருக்குறளில் வஞ்சம், கள்ளம், கரவு ஆகியவற்றைக் காண்கிறோம்; மோசம் என்பதைக் காண்கிலோம். அது பிற்காலத்தில் வந்து சேர்ந்த சொல். வடமொழியில் ‘மோஷம்’ என்பது களவைக் குறிக்கும். அதன் வழிவந்ததே மோசம் எனக் கொள்வர். களவைக் குறித்த சொல், தென்னாட்டு மொழிகளில் வஞ்சனையைக் குறிப்பதாயிற்று. தெலுங்கிலும் ‘மோசம்’ வஞ்சனையே, கன்னடத்திலும் அஃதே.

தமிழிலும் முதற்கண் அப்பொருளே சிறந்து நின்றது. ‘மோசம் போனேன்’ என்று நம் முதியோர் சொன்னால், ஏமாந்தேன் என்பதே கருத்து. கன்னடத்தார் ‘மோஸ ஹோதெ’ என்பதும், தெலுங்கர் ‘மோசபோயானு’ என்பதும் இதனோடு சொல்லுக்குச் சொல் ஒத்திருத்தல் காண்க. மோசக்காரன், மோசடி என்னும் சொற்களிலும் அப்பழம்பொருள் இன்றளவும் வாழ்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் வஞ்சனைப் பொருளைப் பதிவு செய்துள்ளது.

பின்னர்ப் பொருள் மாறியது எவ்வாறு? வஞ்சனையால் விளைவது கேடு. ஆதலின், செய்கையைக் குறித்த சொல் அதன் பயனையும் குறிக்கலாயிற்று. ‘உயிருக்கே மோசம் வந்தது’ என்னுமிடத்து வஞ்சிப்பவர் எவரும் இலர். ஆபத்து மட்டுமே உளது. அதற்கு அடுத்த படியில், கெட்டது, தரங்குறைந்தது என்னும் பொருளும் தோன்றிற்று. இன்று சாலை மோசம், உணவு மோசம், உடல்நிலை மோசம் என்கிறோம். ஒரு மனிதன் மேல் சுமத்திய குற்றச்சாட்டாக இருந்த சொல், ஒரு பொருளின் தன்மையைக் கூறும் சொல்லாகிவிட்டது.

சொல்லின் பொருள் இவ்வாறு பிரிந்தபோதும், வஞ்சனையைப் பற்றிய மரபுத் தொடர்கள் பல இரு மொழிக்கும் பொதுவாகவே உள்ளன. நாம் ‘பட்டை நாமம் போடுதல்’ என்பதைக் கன்னடத்தார் ‘பங்கநாம ஹாகுவுது’ என்பர். ‘காதில் பூச் சுற்றுதல்’ என்னும் நம் வழக்கிற்கு நிகராக ‘கிவி மேலெ ஹூவு’ என்பது அங்கே வழங்குகிறது. 2023 பிப்ரவரி 17 அன்று, கர்நாடகச் சட்டமன்றத்தில் வரவுசெலவுத் திட்டம் படிக்கப்பட்டபோது, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் காதில் பூச்செருகி வந்து அமர்ந்தனர். மக்களை ஏமாற்றுகிறது இத்திட்டம் என்பது அவர்தம் குறிப்பு. அக்காட்சியைக் கண்ட பெங்களூருத் தமிழர்க்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

ஆயினும், குறைக்கும் வஞ்சனைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. சட்டம் அதனைத் தெளிவாகப் பகுத்துள்ளது. 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 415 ஆம் பிரிவு ஏமாற்றுதல் இன்னதென வரையறுத்தது. 420 ஆம் பிரிவு, ஏமாற்றிப் பொருளைக் கவர்வோர்க்கு ஏழாண்டு வரை சிறை விதித்தது. 2024 ஜூலை முதல் நாள் தொட்டு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318 ஆம் பிரிவு அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளது. சரக்கு தாழ்ந்ததாக இருத்தல் மட்டுமே இக்குற்றமாகாது. பொய்யை மெய்யென நம்பச் செய்து, ஒருவரைப் பொருளை இழக்குமாறு தூண்டியிருத்தல் வேண்டும். விற்றவர் உள்ளத்தில் வஞ்சக் கருத்து இருந்ததா என்பதே கேள்வி.

மொழிபெயர்ப்பாளராகிய நாம் இதனை நாள்தோறும் எதிர்கொள்கிறோம். கன்னட முறையீடு ஒன்றில் வரும் ‘மோஸ’வைத் தமிழில் ‘மோசம்’ என்றே எழுதினால், முறையிட்டவரின் வழக்கு வலுவிழக்கும். தமிழர் ஒருவர் கூறிய ‘மோச’த்தை அவ்வாறே கன்னடத்தில் எழுதினால், அவர் கூறாத குற்றத்தைக் கூறியவராவார். முன்னதை ‘மோசடி’ அல்லது ‘ஏமாற்று’ எனலே தக்கது.

ஆகவே, கன்னட நாட்டில் வாழும் நம்மவர் சரக்கின் குறையைக் கூறுங்கால் ‘சென்னாகில்ல’, நன்றாக இல்லை, என்று சொல்லிப் பழகுதல் நன்று. ‘களபெ’, தரங்குறைந்தது, என்னும் சொல்லும் உண்டு. ‘மோஸ’ என்பதை உண்மையாகவே வஞ்சிக்கப்பட்ட பொழுதுக்கென வைத்துக்கொள்வோம். அப்பொழுது அதனைத் தயங்காமல் சொல்லலாம். நம் பாட்டன்மார் அறிந்திருந்த பொருளிலேயே அண்டை வீட்டாரும் அதனைப் புரிந்துகொள்வர்.