காரமும் காயமும்

'மிளகாய்' என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே ஒரு வரலாறு வெளிப்படும். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதே அதன் பொருள். சங்கப் புலவர்கள் 'கறி' என்று பாடியது மிளகை. மிளகாயை அவர்கள் அறியார். அமெரிக்க நிலங்களுக்குரிய அச்செடி, கொலம்பஸின் பயணங்களுக்குப் பின்னரே கடல் கடந்தது. போர்த்துக்கீசியர் வழியாக நம் கரையை அடைந்தது. வந்த காய்க்குப் பழைய பொருளின் பெயரையே சூட்டி, அதனை நம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டோம்.

ஆயினும் அப்பிள்ளையின் மீது நெடுங்காலமாக ஒரு பழி உண்டு. வாயை எரிப்பது வயிற்றையும் புண்ணாக்கும் என்பதே அது. எரிவும் புண்ணும் ஒன்றுதானா? இவ்வினாவுக்கு விடை கண்ட கதையின் முதல் பகுதி, நம்மைப் போலவே மிளகாயைத் தனதாக்கிக்கொண்ட ஹங்கேரி நாட்டில் நிகழ்ந்தது.

1876இல் ஆங்கிலேயரான ஜான் கிளஃப் திரெஷ், காரத்துக்குக் காரணமான பொருளுக்குக் 'கேப்சைசின்' எனப் பெயரிட்டார். ஈராண்டுகள் கழித்து, ஹங்கேரிய மருத்துவர் எண்ட்ரே ஹோஜெஷ், மிளகாயின் எரிவு முதன்மையாக உணர்வு நரம்புகளின் வழியே நிகழ்வது என்று காட்டினார். 1940களில் அந்நாட்டவரான மிக்லோஷ் யான்ச்சோ மேலும் ஒரு வியப்பைக் கண்டார். கேப்சைசினை மீண்டும் மீண்டும் செலுத்தியபோது, ஆய்வு விலங்குகள் எரிவூட்டும் வேதிப்பொருள்களால் உண்டாகும் வலியையே உணராமற் போயின. காரம் நமக்குப் பழகிப்போவதன் ஒரு காரணம் இதுவே.

இதன் உட்பொருள் 1997இல் துலங்கியது. அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு, கேப்சைசினை ஏற்கும் நரம்புப் புரதத்தை அடையாளம் கண்டது. அதே புரதம் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பத்தையும் உணர்த்துவது. எனவே மிளகாயைக் கடிக்கும்போது நாக்கு வேகவில்லை. 'நெருப்பு' என்று நரம்பு மூளைக்குச் சொல்கிறது, அவ்வளவே. பறவைகளின் புரதம் கேப்சைசினுக்கு இணங்குவதில்லை. ஆகவேதான் அவை மிளகாய்ப் பழத்தைக் கவலையின்றித் தின்று விதையைப் பரப்புகின்றன. இக்கண்டுபிடிப்பு ஜூலியஸுக்கு 2021ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. இதற்கிடையே, அக்கி ஆறிய பின்னும் நீடிக்கும் நரம்பு வலிக்கு, 8 விழுக்காடு கேப்சைசின் கொண்ட ஒட்டுப்பட்டைக்கு அமெரிக்க அரசு 2009இல் ஒப்புதல் அளித்திருந்தது. எரிப்பதே வலிக்கு மருந்தாயிற்று.

இனி வயிற்றுக்கு வருவோம். 1988இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அரைத்த மிளகாயைத் தன்னார்வலர்களின் இரைப்பைக்குள் நேரடியாகச் செலுத்தி உள்நோக்கிக் கருவியால் பார்த்தனர். கண்ணுக்குப் புலப்படும் சேதம் இல்லை. அதற்கு முன்பே, 1980களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்னும் நுண்ணுயிரை இரைப்பை அழற்சியோடும் புண்ணோடும் தொடர்புபடுத்தியிருந்தனர். 2005இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். வயிற்றுப்புண்ணுக்கு முதன்மைக் காரணங்கள் இக்கிருமியும், ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகளுமே என்பது இன்று நிலைபெற்ற அறிவு.

அப்படியானால் மிளகாயை அளவின்றி உண்ணலாமா? அவ்வாறு பொருள்கொள்ளலாகாது. நெஞ்செரிச்சல் உள்ளோருக்கும், குடல் எளிதில் கலங்குவோருக்கும் காரம் துன்பத்தை மிகுவிக்கும். சீனாவில் ஏறத்தாழ 4.87 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வு, வாரத்தில் ஆறேழு நாள் காரம் உண்போரிடையே, வாரம் ஒருமுறைக்கும் குறைவாக உண்போரைவிட இறப்பு வீதம் 14 விழுக்காடு குறைந்திருக்கக் கண்டது. எனினும் அக்குறைவுக்குக் காரமே காரணம் என்று அவ்வாய்வு நிறுவவில்லை.

காரம் காயமன்று, ஆயின் காயம்பட்ட இடம் காரத்தைப் பொறுக்காது. இவ்வேறுபாட்டை அறியாமற் போவதன் விலை சிறிதன்று. புண் கண்ட ஒருவர் மிளகாயை விலக்கியதோடு அமைதியுற்றால், கிருமி தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். குறிப்பிட்ட சில நாள் மருந்தில் தீரக்கூடிய நோயை, பழியை இடம் மாற்றிச் சுமத்தியதால் ஆண்டுக்கணக்கில் சுமந்தவர்கள் நம்மிடையே பலர். பத்தியம் இருப்பது நன்று. மருத்துவரிடம் செல்வது அதனினும் நன்று.