பட்டம் எடுத்தால் படிப்பிக்கலாமா? கல்முனைக் கரையோரத்தில் ஆசிரியர் பயிற்சியின் கதை

நான் எட்டாம் ஆண்டு படிக்கிற காலத்தில், ஒரு வருசம் முழுக்க சனி, ஞாயிறு எண்டால் உம்மா வீட்டில் இருக்கமாட்டா. விடியச் சுபஹுத் தொழுதிட்டு, சோத்துப் பார்சலையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறிடுவா. "டீச்சருக்கு என்ன படிப்பு இன்னும்?" எண்டு பக்கத்து வீட்டு மாமி கேப்பா. நியாயமான கேள்விதான். உம்மா அப்பவே பட்டதாரி. ஏழு வருசம் படிப்பிச்சு முடிச்சிருந்தா. பிறகு எதுக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா?

பின்னால ஒருநாள் இதே கேள்வியை நானும் கேட்டேன். உம்மா சொன்னது: "அந்த ஏழு வருசமும் நான் படிப்பிச்சேன் மகன். புள்ளைகள் படிச்சாங்களா எண்டு பாக்கவே இல்ல."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்தில் இருந்துதான் வருது. எங்கட கரையோரம், அதாவது மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று போகும் இந்த ஊர்கள், 'ஆசிரியர்மார் நிறைந்த ஊர்கள்' என்று பேர் எடுத்தவை. ஒரு தெருவுக்கு நாலு சேர், நாலு டீச்சர் இருப்பாங்க. ஆனால் அந்த ஆசிரியர்களை யார் பயிற்றுவித்தார்கள், எங்கே, எதற்காக என்ற வரலாற்றை நாங்க பெரிசாப் பேசுவதில்லை.

1949: ஒரே வருசத்தில் மூன்று விஷயம்

1949ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த வருசம் அமெரிக்காவில் ரால்ஃப் டைலர் என்ற கல்வியியலாளர் கலைத்திட்டமும் கற்பித்தலும் பற்றி ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். ஒரு பாடசாலையைப் பார்த்து நாலு கேள்வி கேட்கவேண்டும் என்பதுதான் அதன் சாரம். எதை அடைவதற்காகப் படிப்பிக்கிறோம்? அதற்கு என்ன அனுபவங்களைப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும்? அவற்றை எந்த ஒழுங்கில் அடுக்கவேண்டும்? நினைத்தது நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உலகம் முழுக்க ஆசிரியர் கல்வியில் இந்த நாலு கேள்வியும் இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கட டிப்ளோமாவிலும் கலைத்திட்டம் படிக்கிற எவரும் டைலரைத் தாண்டிப் போக முடியாது.

அதே 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை தொடங்கியது. பட்டம் பெற்றவர்களுக்கு ஆசிரியத் தொழிலைப் பயிற்றுவிக்கும் வேலை இந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது அப்போதுதான். அதுவரை ஆசிரியர் பயிற்சி என்றால் பயிற்சிக் கலாசாலைதான்.

அதே வருசம்தான் கல்முனையில் ஸாஹிராக் கல்லூரியும் தொடங்கியது.

இந்த மூன்றுக்கும் அப்போது எந்தத் தொடர்பும் கிடையாது. அந்தப் புதுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவருக்குப் பல்கலைக்கழகக் கல்வித்துறை மிகத் தூரத்தில் இருந்தது. அந்தத் தூரம் எப்படிக் குறைந்தது, எங்கே இன்னும் குறையவில்லை என்பதுதான் மிச்சக் கதை.

பட்டத்துக்கு முந்திய காலம்

கொஞ்சம் பின்னால் போவோம். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் கொழும்பு அரசினர் பயிற்சிக் கல்லூரியில் படித்துப் பயிற்றப்பட்ட ஆசிரியரானார். 1916இல் லண்டன் விஞ்ஞானப் பட்டமும் எடுத்தார். அவரை நாங்க சுவாமி விபுலாநந்தர் என்று அறிவோம். யாழ் நூல் எழுதியவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்றெல்லாம் படித்திருப்போம். ஆனால் அவர் முதலில் முறைப்படி பயிற்சி பெற்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்பது நினைவில் நிற்பதில்லை. இந்தக் கரையில் பிறந்த ஒருவர் பயிற்சிக்காகக் கொழும்பு போகவேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்க.

1942இல் ஏ. எம். ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதலாவது முஸ்லிம் அவர். யுத்த காலம் என்பதால் நெல் உற்பத்தியைக் கூட்டுவதுதான் அவருடைய வேலை. வயலைப் பார்க்க வந்தவர் பள்ளிக்கூடங்களையும் பார்த்தார். அதே ஆண்டு கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. மூன்று வருசத்தில், 1945இல், இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். திறமையான ஏழைப் பிள்ளை காசு இல்லாமல் நின்றுவிடக்கூடாது என்பது அதன் நோக்கம். விபுலாநந்தரும் அஸீஸும் நண்பர்கள். கரையோரத்தின் கல்வி வரலாற்றைத் தமிழ்க் கதை, முஸ்லிம் கதை என்று இரண்டாகக் கிழித்து எழுத முடியாது என்பதற்கு இந்த நட்பே போதும்.

அதே 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தார்கள், ஆசிரியர் வேண்டியிருந்தது. 1940களின் முற்பகுதியிலேயே அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை இருந்தது இந்தக் கரைக்குப் பெரிய பலம். தமிழில் படித்து, தமிழில் பயிற்சி பெற்று, ஊருக்கே திரும்பி வந்த ஆசிரியர்கள் அங்கேயிருந்து உருவானார்கள். மீனவர், விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு மாதச் சம்பளம், பென்சன், ஊரில் மரியாதை எல்லாம் ஒன்றாகக் கிடைக்கிற கதவு அதுதான். இன்றைக்கும் எங்கட வீடுகளில் "வாத்தியாராகிடு" என்று சொல்வதின் வேர் அங்கே இருக்கு.

1972: கடலும் தறியும் பாடமாக வந்த காலம்

1970இல் பதியுதீன் மஹ்மூத் இரண்டாவது தடவையாகக் கல்வி அமைச்சரானார். இந்தக் கரையில் அவர் பேர் நன்றியோடு சொல்லப்படுகிறது. கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி அவர் பேரைத் தாங்கி நிற்கிறது. ஆசிரியர் நியமனங்களும் நிறையக் கிடைத்தன. இதே காலத்தில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. யாழ்ப்பாணத்தில் அது ஆறாத காயம். பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குக் கதவைத் திறந்தது. ஒரே கொள்கை இரண்டு கரையில் இரண்டு ஞாபகமாக இருக்கு. இரண்டும் உண்மை.

ஆனால் ஆசிரியர் பயிற்சி பற்றிப் பேசும்போது, அவர் காலத்தில் முக்கியமானது 1972 கலைத்திட்டச் சீர்திருத்தம். க.பொ.த. சாதாரண தரத்தை எடுத்துவிட்டு தேசிய கல்விச் சான்றிதழ் என்ற புதுப் பரீட்சையைக் கொண்டுவந்தார்கள். அதில் தொழில் முன்னிலைப் பாடங்கள் கட்டாயம். பிள்ளை வாழும் ஊரின் தொழிலையே பாடமாக்குவது என்ற யோசனை அது.

எங்கட ஊர்களுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று யோசிச்சுப் பாருங்க. மருதமுனையில் கைத்தறி, சாய்ந்தமருதில் கடற்றொழில், நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கம் வயல். நூலுக்குச் சாயம் போடுவதில் இரசாயனம் இருக்கு. கரைவலை இழுப்பதில் பௌதிகம் இருக்கு, பங்கு பிரிப்பதில் கணக்கு இருக்கு. டைலரின் இரண்டாவது கேள்விக்கு, அதாவது என்ன அனுபவம் கொடுப்பது என்பதற்கு, வாசலிலேயே பதில் கிடந்தது.

பிறகு ஏன் அது நிலைக்கவில்லை? அரசாங்கம் 1977இல் மாறியதும் பழைய பரீட்சை திரும்பி வந்தது என்பது ஒரு காரணம். பெற்றோர் மனம் இன்னொன்று. "தறியடிக்கவும் வலை இழுக்கவும் வாப்பாட்டயே பழகலாம், அதுக்கு ஏன் பள்ளிக்கூடம்?" என்ற கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. அந்தத் தொழிலில் இருந்து வெளியே வரத்தானே பிள்ளையை அனுப்பினார்கள். மூன்றாவது காரணம்தான் எங்கட விஷயம். தறியில் இருந்து இரசாயனத்துக்குப் பாலம் போட ஆசிரியருக்குத் தெரியவேண்டும். பாடப்புத்தகத்தைக் கொழும்பில் இருந்து லொறியில் அனுப்பலாம். பாலம் போடும் திறமையை அப்படி அனுப்ப முடியாது.

முதலில் நியமனம், பிறகு பயிற்சி

1980களில் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. 1980இல் திறந்த பல்கலைக்கழகம். 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் மஹரகமவில் தேசிய கல்வி நிறுவகம். 1986ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் கல்வியியற் கல்லூரிகள். அட்டாளைச்சேனைக்கும் ஒரு தேசிய கல்வியியற் கல்லூரி வந்தது. அங்கே உயர்தரம் முடித்தவர்கள் இரண்டு வருசம் படித்து, ஒரு வருசம் பாடசாலையில் பயிற்சி செய்த பிறகுதான் ஆசிரியராகிறார்கள்.

பட்டதாரிக்கு அந்த ஒழுங்கு தலைகீழ். யுத்த காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்க முடியாமல் போன பின்னணியில், எம். எச். எம். அஷ்ரபின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. இதுவும் முதலில் அட்டாளைச்சேனையில்தான். அடுத்த ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் நிலைகொண்டது. ஊருக்குப் பக்கத்திலேயே பட்டம் கிடைக்கத் தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதன் தொடக்கப் பீடங்களில் கல்விப் பீடம் இருக்கவில்லை.

ஆக நடந்தது இது: பட்டதாரிகள் பெருகினார்கள். வேலை கேட்டு வீதியில் இருந்தார்கள். அரசாங்கங்கள் தொகுதி தொகுதியாக ஆசிரியர் நியமனம் கொடுத்தன. நேற்று வரை அரசறிவியலோ வர்த்தகமோ படித்தவர், இன்று நாற்பது பிள்ளைகளின் முன்னால். அவருக்குப் பாடம் தெரியும். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏன் புரியவில்லை என்று தெரியாது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் டிப்ளோமா. கல்வித் தத்துவம், உளவியல், சமூகவியல், கணிப்பீடும் மதிப்பீடும், கலைத்திட்டம், பாடம் கற்பிக்கும் முறைகள், பிறகு கற்பித்தல் பயிற்சி. முன்னர் இதற்கு லீவு எடுத்துக்கொண்டு பேராதனையிலோ கொழும்பிலோ தங்கவேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வியும் வார இறுதி வகுப்புகளும் வந்த பிறகுதான், கைக்குழந்தையோடு இருக்கிற டீச்சரும் இதைச் செய்ய முடிந்தது. உம்மா ஏறிய அந்தச் சனிக்கிழமை பஸ்ஸுக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கு.

நாலாவது கேள்வி மற்ற மூன்றையும் விழுங்கிய கதை

இனிக் கசப்பான பகுதி. டிப்ளோமா சேவையில் மேலே போக உதவுகிறது. அதனால் நிறையப் பேருக்கு அது ஒரு படிக்கட்டு மட்டுமே. கற்பித்தல் பயிற்சியைப் பார்க்க விரிவுரையாளர் வருகிற அன்றைக்கு மட்டும் கலர் கார்ட், குழு வேலை, சிரிப்பு. அடுத்த நாள் திரும்பவும் கரும்பலகையைப் பார்த்து எழுது. நான் படித்த பாடசாலையிலேயே இதைக் கண்டிருக்கிறேன்.

ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. 1999இல் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று அழகாகப் பிரித்துக் கொடுத்தது. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டமும் 5ஈ முறையும் வந்தன. ஆனால் ஊரில் பாடசாலையின் மதிலில் தொங்குவது எது? புலமைப்பரிசில் பெறுபேற்று பனர். வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பிள்ளை என்பதுதான் கணக்கு. நினைத்தது நடந்ததா என்று பார்க்க வந்த நாலாவது கேள்வி, எதற்காகப் படிப்பிக்கிறோம் என்ற முதல் கேள்வியையே விழுங்கிவிட்டது.

இன்னொரு குறை, வாசிக்கத் தமிழில் போதிய நூல்கள் இல்லாதது. பேராசிரியர்கள் சபா ஜெயராசா, சோ. சந்திரசேகரன் போன்றவர்கள் விடாமல் தமிழில் எழுதினார்கள். 2000களில் தெ. மதுசூதனன் ஆசிரியராக இருந்து நடத்திய 'அகவிழி' சஞ்சிகை ஆசிரியர்களுக்காகவே வந்தது. ஆனால் இந்தக் கரையோர வகுப்பறையைப் பற்றி, இங்கேயுள்ள ஆசிரியர்கள் செய்த சின்னச் சின்ன ஆய்வுகள் பெரும்பாலும் பைண்ட் பண்ணி அலுமாரிக்குள் போய்விடுகின்றன. உம்மா எழுதியதும் அங்கேதான் இருக்கு.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே மிக அதிக உயிர்களை இழந்தது எங்கட மாவட்டம். புதுத் தவணை தொடங்க இருந்த நேரம். கரையோரப் பாடசாலைகள் இடிந்து கிடந்தன. இடாப்பில் கூப்பிட்ட பேருக்குப் பதில் வராத வகுப்பில் எதைப் படிப்பிப்பது? எந்த ஆசிரியர் வழிகாட்டியிலும் அதற்குப் பாடம் இருக்கவில்லை. உம்மா அப்போது உளவியல் குறிப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்த்ததாகச் சொல்லுவா. முதல் ரெண்டு கிழமை பாடம் நடத்தவில்லையாம். பிள்ளைகளைப் பேசவிட்டா, வரையவிட்டா. எல்லாரும் கடலைத்தான் வரைந்தாங்களாம். "பயிற்சி இல்லாட்டி, முதல் நாளே அலகு ஒண்டத் தொடங்கியிருப்பன்" என்றா.

எனக்கு டிப்ளோமாவின் பெறுமதி அங்கேதான் விளங்கிச்சு. எந்தப் பிள்ளை முன்னால் இருக்கு என்று பார்த்து, பாடத்தை நிறுத்தவும் தெரிந்திருப்பது.

இப்போது எங்கட செட்டில் பாதிப் பேர் பட்டம் முடிச்சிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறோம். நானும்தான். நியமனம் கேட்டுக் கோஷம் போடுகிறோம், அது எங்கட உரிமை. ஆனால் வகுப்புக்குள் போவதற்கு முன்னாலேயே எங்களைப் பயிற்றுவியுங்கள் என்று நாங்க ஒருநாளும் பதாகை பிடித்ததில்லை. அடுத்த முறை பிடிப்போமே.